போர்க்கால உளவும் கட்சி அரசியலும்: கார்கில் ஆய்வுக் குழுவை முன்வைத்து

முன்னுரை

திருக்குறளின் பொருட்பாலில் ஒற்றாடல் ஓர் அதிகாரம். ஒற்றரின் இயல்பையும் அவர் மேற்கொள்ளும் வேடத்தையும் மறைபொருளை அறியும் திறனையும் கூறும் வள்ளுவர், அதிகாரத்தின் இறுதிப் பகுதியில் வேறொரு சிக்கலை எடுத்துக்கொள்கிறார். ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றன் வாயிலாகச் சரிபார்க்க வேண்டும்; ஒற்றர் ஒருவரையொருவர் அறியாதவாறு ஆள வேண்டும்; மூவர் கூற்றும் ஒத்திருந்தால் அதனை மெய்யெனத் தெளியலாம் என்கிறார். உளவைத் திரட்டுவதோடு அரசனின் கடமை முடிவதில்லை. அதனைச் சோதிப்பதும் அவன் கடமையே என்பது இதனால் பெறப்படுகிறது. முடியாட்சியில் சோதிப்பவன் அரசன். குடியாட்சியில் அப்பணி யாருடையது என்னும் வினாவுக்கு இந்தியாவில் இன்றளவும் தெளிவான விடை இல்லை.

உளவு பொய்த்துப் போர் மூளும்போது ஆளுங்கட்சி நாட்டின் ஒற்றுமையை முன்னிறுத்துவதும் எதிர்க்கட்சி அரசின் பொறுப்பை வினவுவதும் இயல்பு. இவ்விரு நிலைப்பாடுகளும் கொள்கையின்பாற்பட்டவையா, அமர்ந்திருக்கும் இருக்கையின்பாற்பட்டவையா என்பதை 1962, 1999 ஆகிய ஆண்டுகளின் போர்களைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. ஒப்பீட்டிற்காக அமெரிக்காவின் பேர்ல் துறைமுக விசாரணை எடுத்துக்கொள்ளப்படுகிறது.

1962: படைக்குள் முடிந்த விசாரணை

1962 அக்டோபர் 20ஆம் நாள் சீனப் படைகள் லடாக்கிலும் வடகிழக்கு எல்லையிலும் ஒருசேரத் தாக்கின. போர் நடந்துகொண்டிருந்தபோதே நாடாளுமன்றத்தை முன்கூட்டியே கூட்ட வேண்டுமென எதிர்க்கட்சியினர் கோரினர். அவ்வாறு கோரியவர்களுள் ஜனசங்கத்தின் மாநிலங்களவை உறுப்பினராக இருந்த அடல் பிகாரி வாஜ்பாயும் ஒருவர். பிரதமர் நேரு அதற்கு இசைந்தார். நவம்பர் 8ஆம் நாள் நாடாளுமன்றம் கூடியது. பாதுகாப்பு அமைச்சர் வி.கே. கிருஷ்ண மேனன் அதற்கு முன்பே பதவியிழக்க நேர்ந்தது. ஆளுங்கட்சி உறுப்பினர்களே அவரது விலகலை வற்புறுத்தினர் என்பது நோக்கத்தக்கது.

போர் முடிந்த பின்னர்த் தோல்விக்கான காரணங்களை ஆராயும் பொறுப்பு லெப்டினன்ட் ஜெனரல் ஹென்டர்சன் புரூக்ஸ், பிரிகேடியர் பி.எஸ். பகத் ஆகிய இருவரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒப்படைத்தவர் படைத் தலைமைத் தளபதி ஜே.என். சௌத்ரி. பயிற்சி, தளவாடம், கட்டளை அமைப்பு, வீரர்களின் உடற்றகுதி, தளபதிகளின் ஆற்றல் ஆகியவையே ஆய்வின் எல்லைகளாக வகுக்கப்பட்டன. அமைச்சரவையோ மத்திய உளவுத்துறையோ அவ்வெல்லைக்குள் வரவில்லை.

1963 செப்டம்பர் 2ஆம் நாள் பாதுகாப்பு அமைச்சர் ஒய்.பி. சவாண் அவ்வறிக்கையின் சாரத்தை மட்டும் நாடாளுமன்றத்தில் எடுத்துரைத்தார். உளவு திரட்டும் பணி மந்தமாகவும் அதனைத் தெரிவித்த முறை தெளிவற்றும் இருந்ததாக அவரது உரை ஒப்புக்கொண்டது. ஆயினும் அறிக்கை வெளியிடப்படவில்லை. உளவுத்துறையின் குறை, உளவுத்துறையை விசாரிக்கும் அதிகாரமில்லாத ஒரு குழுவின் வாயிலாகக் குறிப்பிடப்பட்டு அத்துடன் நின்றுபோயிற்று.

1962, 1965 ஆகிய இரு போர்களின் படிப்பினையால் 1968 செப்டம்பரில் அயல்நாட்டு உளவுக்கென ‘ரா’ அமைப்பு தனியே உருவாக்கப்பட்டது. இதுவும் நிருவாக ஆணையால் பிறந்ததேயன்றி நாடாளுமன்றச் சட்டத்தால் பிறந்ததன்று. புதிய அமைப்பு தோன்றியதே தவிர அதனைச் சோதிக்கும் அமைப்பு தோன்றவில்லை.

கார்கில்: அவையில்லாக் காலத்துப் போர்

1999 பிப்ரவரி 21ஆம் நாள் லாகூர் உடன்பாடு கையெழுத்தானது. ஏப்ரல் 17ஆம் நாள் வாஜ்பாய் அரசு நம்பிக்கை வாக்கெடுப்பில் 269க்கு 270 என ஒரே வாக்கில் தோற்றது. ஏப்ரல் 26ஆம் நாள் மக்களவை கலைக்கப்பட்டது. மே மாதத் தொடக்கத்தில் கார்கில் மலைமுகடுகளில் ஊடுருவல் கண்டறியப்பட்டது. ஆகவே இந்தியா இப்போரை ஒரு காபந்து அரசின் கீழ், மக்களவை இல்லாத நிலையில், தேர்தலை எதிர்நோக்கியவாறு நடத்தியது.

மக்களவை இல்லாவிடினும் மாநிலங்களவை கலையாத அவை. அதன் சிறப்புக் கூட்டத்தைக் கூட்ட வேண்டுமெனக் காங்கிரசு உள்ளிட்ட எதிர்க்கட்சிகள் வற்புறுத்தின. அரசு அனைத்துக் கட்சிக் கூட்டங்களை நடத்தியதே தவிர அவையைக் கூட்டவில்லை. 1962இல் போர்க்காலத்தில் அவையைக் கூட்டக் கோரியவர் 1999இல் பிரதமர். 1962இல் கூட்டிய கட்சி 1999இல் கோரும் இடத்தில் இருந்தது. வரலாற்றின் இவ்விட மாற்றம் தற்செயலானதன்று என்பதைப் பின்வரும் நிகழ்வுகள் காட்டும்.

ஜூலை 26ஆம் நாள் போர் முடிவுற்றது. இந்தியத் தரப்பில் 527 வீரர்கள் உயிரிழந்தனர். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் நடைபெற்ற தேர்தலில் ஆளுந்தரப்பு வெற்றியைப் பேசியது; எதிர்த்தரப்பு உளவுத் தோல்வியைப் பேசியது. முகடுகள் மீட்கப்பட்டதும் உண்மை. முன்னறிவிப்பின்றி அவை பறிபோனதும் உண்மை. தேர்தல் மேடையில் ஓர் உண்மை மற்றோர் உண்மைக்கு மறுப்பாக ஆக்கப்பட்டது.

குழுவின் அமைப்பும் கண்டறிந்தவையும்

போர் முடிந்த மூன்றாம் நாள், ஜூலை 29 அன்று, கார்கில் ஆய்வுக் குழு அமைக்கப்பட்டது. கே. சுப்பிரமணியம் தலைவர், லெப்டினன்ட் ஜெனரல் கே.கே. ஹசாரி, இதழாளர் பி.ஜி. வர்கீஸ், சதீஷ் சந்திரா ஆகியோர் பிறர். திருச்சிராப்பள்ளியில் பிறந்தவரும் தமிழகப் பிரிவின் இந்திய ஆட்சிப் பணியாளருமான சுப்பிரமணியம் முன்னர்க் கூட்டு உளவுக் குழுவின் தலைவராகப் பணியாற்றியவர். பாதுகாப்பியல் சிந்தனையில் அவருக்கிருந்த மதிப்பு கட்சி எல்லைகளைக் கடந்தது. எனினும் அரசின் தேசியப் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவின் அமைப்பாளராகவும் அவர் இருந்தார். சதீஷ் சந்திரா தேசியப் பாதுகாப்புக் குழுமச் செயலகத்தின் செயலர். ஆய்வு செய்வோர் ஆய்வுக்குரிய அமைப்பிற்கு அணுக்கமானவர்கள் என்னும் ஐயம் எழ இது இடமளித்தது.

குழுவுக்கு இரு பணிகள் வரையறுக்கப்பட்டன. ஊடுருவலுக்கு முந்தைய நிகழ்வுகளை மீளாய்தல் ஒன்று; இத்தகைய ஊடுருவல்களைத் தடுக்கும் வழிகளைப் பரிந்துரைத்தல் மற்றொன்று. இன்னார் பொறுப்பெனத் தீர்ப்பளிக்கும் கடமை இவ்விரண்டிலும் இல்லை. 1952ஆம் ஆண்டின் விசாரணை ஆணையச் சட்டத்தின்கீழ் அமைக்கப்படாமையால் சாட்சிகளை அழைப்பாணையிட்டு வரவழைக்கும் அதிகாரமும் குழுவுக்கு இல்லை.

இவ்வரம்புகளுக்குள்ளும் குழு கண்டறிந்தவை எளியவை அல்ல. பெருமளவிலான இராணுவ ஊடுருவலை எந்த அமைப்பும் எதிர்பார்க்கவில்லை என அறிக்கை கூறிற்று. 1998 ஜூனில் எல்லைக்கு அப்பால் நிகழ்ந்த நடமாட்டங்கள் குறித்து உளவுத்துறை இயக்குநர் தம் கையொப்பமிட்டு அனுப்பிய குறிப்பு பிரதமர், உள்துறை அமைச்சர் முதலியோருக்குச் சென்றது. ஆனால் ‘ரா’ அமைப்பின் செயலர், கூட்டு உளவுக் குழுவின் தலைவர், இராணுவ உளவுப் பிரிவின் தலைமை இயக்குநர் ஆகிய மூவருக்கும் அஃது அனுப்பப்படவில்லை. அச்செய்தியைப் பின்தொடரவும் மதிப்பிடவும் வேண்டியவர்கள் இம்மூவரே. மூவர் சொல்லை ஒப்புநோக்கச் சொன்னது குறள். ஒப்புநோக்க வேண்டிய மூவருக்கும் சொல்லே எட்டவில்லை என்பது கார்கில்.

இதனினும் கூர்ந்து நோக்க வேண்டியது பிறிதொரு செய்தி. பல்வேறு அமைப்புகளின் தகவல்களைத் தொகுத்து மதிப்பிடும் கூட்டு உளவுக் குழுவின் தலைவர் பதவி 1998 டிசம்பர் வரை 18 மாதங்கள் நிரப்பப்படாமல் கிடந்ததை அறிக்கை சுட்டியது. இக்காலத்தின் முற்பகுதி ஐ.கே. குஜ்ரால் தலைமையிலான ஐக்கிய முன்னணி ஆட்சிக்குரியது. காங்கிரசு வெளியிலிருந்து ஆதரவளித்த ஆட்சி அது. பிற்பகுதி வாஜ்பாய் ஆட்சிக்குரியது. எனவே குறை எந்த ஒரு கட்சிக்கும் உரியதன்று. எந்த ஒரு கட்சிக்கும் உரியதன்று என்பதனாலேயே அதனைப் பேசுவதில் எந்தக் கட்சிக்கும் ஆதாயம் இருக்கவில்லை. சுதந்திரத்தின்போது வகுக்கப்பட்ட பாதுகாப்புக் கட்டமைப்பு 52 ஆண்டுகளாகப் பெரிய மாற்றமின்றித் தொடர்ந்ததென்று அறிக்கை கூறியதும் இவ்வகையைச் சார்ந்ததே.

வெளியிடலும் மறைத்தலும்

2000 பிப்ரவரியில் அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. பின்னர் நூலாகவும் வெளிவந்தது. சில பகுதிகள் பாதுகாப்புக் காரணங்களால் நீக்கப்பட்டிருந்தன. எனினும் ஹென்டர்சன் புரூக்ஸ் அறிக்கையின் நிலையோடு ஒப்பிட இது பெரியதொரு முன்னேற்றம். இதற்கான நற்பெயர் வாஜ்பாய் அரசுக்குரியது என்பதை மறுத்தல் நேர்மையன்று.

அடுத்த கட்டம் அவ்வாறு அமையவில்லை. 2000 ஏப்ரலில் எல்.கே. அத்வானி தலைமையில் அமைச்சர்கள் குழு அமைக்கப்பட்டது. உளவு அமைப்புகளை ஆராயும் பொறுப்பு கிரீஷ் சந்திர சக்சேனா தலைமையிலான பணிக்குழுவுக்கு அளிக்கப்பட்டது. 2001இல் அமைச்சர்கள் குழுவின் அறிக்கை வெளியிடப்பட்டபோது உளவு பற்றிய இயல் முழுமையாக நீக்கப்பட்டிருந்தது. பரிந்துரைகளின் விளைவாக 2002இல் பாதுகாப்பு உளவு முகமையும் 2004இல் தேசியத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனமும் தோன்றின. 1968இல் நிகழ்ந்ததே மீண்டும் நிகழ்ந்தது: உளவு அமைப்புகள் பெருகின, அவற்றை நாடாளுமன்றம் சோதிக்கும் வழி பிறக்கவில்லை.

பேர்ல் துறைமுகம்: ஓர் ஒப்பீடு

1941 டிசம்பர் 7ஆம் நாள் ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியது. ஜப்பானின் தூதரகச் சங்கேத மொழியை அமெரிக்கா முன்பே அவிழ்த்திருந்தது என்பது பெரும் மறைபொருள். 1944ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலில் குடியரசுக் கட்சி வேட்பாளரான தாமஸ் டூயி இம்மறைபொருளை அறிந்திருந்தார். ரூசுவெல்ட் அரசைச் சாய்க்க அது வலிய படைக்கலம். ஜப்பான் அதே சங்கேத முறையை அப்போதும் பயன்படுத்தி வருவதால் உண்மை வெளியானால் போரில் உயிர்கள் பலியாகும் எனப் படைத் தலைமைத் தளபதி ஜார்ஜ் மார்ஷல் அவருக்கு மடல் விடுத்தார். டூயி வாய் திறக்கவில்லை, தேர்தலில் தோற்றார்.

போர் முடிந்ததும் 1945 செப்டம்பரில் இரு அவைகளின் கூட்டுக் குழு அமைக்கப்பட்டது. உறுப்பினர் பதின்மருள் அறுவர் ஆளும் சனநாயகக் கட்சியினர்; நால்வர் குடியரசுக் கட்சியினர். 1946 ஜூலையில் வெளிவந்த அறிக்கையில் எண்மர் பெரும்பான்மைக் கருத்தில் கையொப்பமிட்டனர். குடியரசுக் கட்சியின் செனட்டர் இருவர் தனி அறிக்கை அளித்தனர். விசாரணைப் பதிவுகள் 39 பகுதிகளாக அச்சிடப்பட்டன. டூயிக்கு மார்ஷல் எழுதிய மடலும் அவ்விசாரணையின்போதே வெளிப்பட்டது.

இக்குழு கட்சிச் சார்பற்றதன்று. ரூசுவெல்ட்டைக் காக்கவும் குறைகூறவும் உறுப்பினர் முனைந்தனர். ஆயினும் அவர்தம் பூசல் ஆவணங்களின்மீது நிகழ்ந்தது. சாட்சிகளை வினவும் போட்டியாக அமைந்தது. சிறுபான்மையோர் கருத்தும் அச்சேறியது. கட்சிப் பூசலே அங்கு ஆய்வுக்கு உந்துவிசையாயிற்று. எதிர்க்கட்சியினரிடம் மறைபொருள் தங்காது என்னும் வாதத்திற்கு டூயியின் மௌனம் தக்க மறுப்பாகும்.

இடம் மாறும் வாதங்கள்

இந்தியாவில் நிலைமை வேறு. 2010 ஏப்ரலில் காங்கிரசைச் சேர்ந்த பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி, ஹென்டர்சன் புரூக்ஸ் அறிக்கை இன்றும் நடைமுறை மதிப்புடையதாதலின் வெளியிட இயலாது என்றார். 2014 மார்ச்சில் இதழாளர் நெவில் மாக்ஸ்வெல் அதன் ஒரு பகுதியை இணையத்தில் வெளியிட்டபோது, மாநிலங்களவை எதிர்க்கட்சித் தலைவராக இருந்த அருண் ஜேட்லி, ஆவணங்களைக் காலவரையின்றி மறைத்து வைப்பது பொதுநலனுக்கு உகந்ததன்று என்னும் கருத்தை முன்வைத்தார். அவ்வாண்டு மே மாதம் ஆட்சி மாறியது. ஜூலையில் பாதுகாப்பு அமைச்சராக அவரே, அறிக்கையை வெளியிடுவது நாட்டு நலனுக்கு உகந்ததன்று என மாநிலங்களவையில் விடையளித்தார்.

2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலும் மே மாதத்தில் இந்திய-பாகிஸ்தான் மோதலும் நிகழ்ந்தபோது, காங்கிரசு சிறப்புக் கூட்டத்தைக் கோரியது. கார்கில் ஆய்வுக் குழுவைப் போன்றதொரு குழுவையும் கோரியது. சிறப்புக் கூட்டம் கூட்டப்படவில்லை. ஜூலை மாத இறுதியில் வழக்கமான மழைக்காலத் தொடரிலேயே விவாதம் நடைபெற்றது. 1962, 1999, 2025 ஆகிய மூன்று காலங்களிலும் கோரிக்கை ஒன்றே. கோருவோரும் மறுப்போருமே இடம் மாறினர்.

அமெரிக்காவின் இரு அவைகளும் 1976, 1977 ஆகிய ஆண்டுகளில் உளவுக்கென நிலையான குழுக்களை அமைத்தன. பிரித்தானியா 1994இல் சட்டத்தின் வாயிலாக ஒரு குழுவை அமைத்தது. இந்தியாவில் 1993 முதல் துறைசார் நிலைக்குழுக்கள் செயல்படினும் உளவு அமைப்புகளுக்கெனத் தனிக்குழு இல்லை. 2010 ஜனவரியில் ஆர்.என். காவ் நினைவுச் சொற்பொழிவில் குடியரசுத் துணைத் தலைவர் ஹமீத் அன்சாரி, உளவு அமைப்புகள் நாடாளுமன்றத்திற்குப் பொறுப்புடையனவாக இருத்தல் வேண்டுமென வலியுறுத்தினார். 2011இல் மணீஷ் திவாரி இதற்கெனத் தனிநபர் மசோதா ஒன்றைக் கொணர்ந்தார். அது சட்டமாகவில்லை.

முடிவுரை

போர்க்கால உளவின் மேற்பார்வையைக் கட்சி அரசியல் கெடுக்கிறது என்பது பொதுவாகக் கூறப்படும் கருத்து. மேற்கண்ட சான்றுகள் அதனைத் திருத்திக் கூறத் தூண்டுகின்றன. கட்சிப் பூசல் எல்லாக் குடியாட்சிகளிலும் உண்டு. அப்பூசலை ஆவணமாகவும் சாட்சியமாகவும் மாற்றும் நிலையான அமைப்பு இல்லாதவிடத்து, அது மேடைப் பேச்சாக எழுந்து தேர்தலோடு அடங்கிவிடுகிறது. கார்கில் ஆய்வுக் குழு மதிக்கத்தக்க பணியைச் செய்தது. ஆனால் அஃது ஓர் அரசின் விருப்பத்தால் பிறந்தது. மற்றோர் அரசு விரும்பாவிடில் மற்றொரு குழு பிறவாது.

எந்தக் கட்சி ஆண்டாலும் தானே இயங்கும் நாடாளுமன்றக் குழு ஒன்று இருந்திருப்பின், 18 மாதங்கள் நிரப்பப்படாத ஒரு பதவி போருக்கு முன்பே வினாவாகியிருக்கக் கூடும். அவ்வினாவால் போர் தவிர்க்கப்பட்டிருக்கும் எனக் கூறுவதற்கில்லை. எனினும் கேட்கும் உரிமையுடையோர் கேட்கவில்லை என்னும் குறையேனும் இல்லாதிருந்திருக்கும். ஒற்றரைச் சோதிக்கும் கடமையை வள்ளுவர் அரசன்மேல் வைத்தார். அக்கடமை இன்று மக்களின் அவைக்கு உரியது. அதனை நிறைவேற்றும் கருவி இன்னும் அவ்வவையின் கைக்கு வரவில்லை.