விசாரணையே திரையாகும்போது: மாநிலச் செலவினமும் பொதுக் கணக்குக் குழுவும்

மாநில அரசுகளின் செலவைச் சட்டமன்றங்கள் சரிவரக் கண்காணிப்பதில்லை என்பது நெடுநாளைய குறை. அதற்குச் சொல்லப்படும் காரணங்களும் பழகிப்போனவை. உறுப்பினர்களுக்கு நிதி நுணுக்கம் தெரியாது, தணிக்கை அறிக்கைகளைப் படிக்க நேரமில்லை, குழுக்களுக்குப் போதிய அலுவலர்கள் இல்லை என்பார்கள். இவற்றில் பொய் இல்லை. ஆனால் இவற்றைச் சரிசெய்துவிட்டால் கண்காணிப்பு தானாக வந்துவிடும் என்று கருதுவது தவறு. வலுவிழந்த பொதுக் கணக்குக் குழுவைப் பயனற்ற அமைப்பு என்று மட்டும் நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அது பல வேளைகளில் ஆட்சியாளருக்கு நல்ல பயன் தருகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். ஒரு கோப்பு குழுவின் முன் இருக்கிறது என்று சொல்லிவிட்டால், மற்ற எவரும் அதைத் தொடாமல் தடுத்துவிட முடிகிறது.

இதற்குப் பீகார் கால்நடைத் தீவன ஊழலை விடத் தெளிவான சான்று இல்லை. 1996 ஜனவரி 27 அன்று மேற்கு சிங்பூம் மாவட்டத்தின் துணை ஆணையர் அமித் கரே சாயிபாசாவில் கால்நடைப் பராமரிப்புத் துறை அலுவலகங்களில் சோதனை நடத்தினார். போலிப் பட்டியல்கள் சிக்கின. ஊழல் அன்றுதான் ‘வெளிவந்தது’ என்று எழுதுவது வழக்கம். நிதி நிர்வாகம் அறிந்தவர்களுக்கு அந்தச் சொல் உறுத்தும். ஒவ்வொரு மாவட்டக் கருவூலமும் தான் பணம் கொடுத்த பட்டியல்களை மாதாமாதம் மாநிலக் கணக்காயருக்கு அனுப்பியாக வேண்டும். 1990களின் தொடக்கத்தில் அந்தத் துறை எடுத்த பணம், சட்டமன்றம் ஒதுக்கிய தொகையைப் போல இரண்டு மடங்கைத் தாண்டியிருந்தது. மானியக் கோரிக்கையில் ஒரு தொகை, கருவூலத்தில் அதைவிட இரட்டிப்புத் தொகை: இந்த முரணைக் காணத் துப்பறிவாளர் தேவையில்லை, இரண்டு பத்திகளை அருகருகே வைத்துப் பார்த்தால் போதும். தணிக்கையாளர்கள் பார்த்தார்கள், எழுதவும் எழுதினார்கள். மாடுகளையும் தீவனத்தையும் ஏற்றிச் சென்றதாகப் பட்டியலில் குறிக்கப்பட்ட வாகனங்களின் பதிவெண்களைச் சரிபார்த்தபோது அவற்றில் சில ஸ்கூட்டர்களுக்கும் கார்களுக்கும் உரியவையாக இருந்தன. ஸ்கூட்டரில் எருமை போனதாக எழுதிய பட்டியலுக்கு அலுவலர் கையொப்பமிட்டார், கருவூலம் பணம் கொடுத்தது.

அப்படியானால் சட்டமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு என்ன செய்தது? குழு தூங்கிவிட்டது என்று சொன்னால் அது கருணையான விளக்கம். மிகைச் செலவு விவகாரத்தைக் குழுவே கையில் எடுத்துக்கொண்டது. குழு ஆராய்கிறது என்பதே பிற விசாரணைகளுக்கு முட்டுக்கட்டையாகக் காட்டப்பட்டது. பாட்னா உயர் நீதிமன்றம் 1996 மார்ச்சில் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டது. அதே மாதம் 19ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்து, உயர் நீதிமன்றத்தின் மேற்பார்வையில் நடத்தச் சொன்னது. 2013 செப்டம்பர் 30 அன்று ராஞ்சி சிறப்பு நீதிமன்றம் சாயிபாசா கருவூல வழக்கொன்றில் குற்றவாளிகள் என அறிவித்தவர்களில் முன்னாள் முதலமைச்சர்கள் லாலு பிரசாத்தும் ஜகந்நாத் மிஸ்ராவும் இருந்ததை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். பொதுக் கணக்குக் குழுவுக்குத் தலைவர்களாக இருந்த ஜகதீஷ் சர்மாவும் துருவ் பகத்தும் அதே பட்டியலில் இருந்ததை நிறையப் பேர் மறந்துவிட்டார்கள். ஆய்வு நோக்கில் பார்த்தால், இந்த இரண்டாவது செய்திக்குத்தான் கனம் அதிகம்.

இதைத் தனிமனித ஒழுக்கக்கேடு என்று ஒதுக்கிவிட முடியாது. அரசமைப்பே இதற்கு இடம் வைத்திருக்கிறது. மாநிலத் தொகுப்பு நிதியிலிருந்து சட்டமன்றத்தின் ஒப்புதலின்றி ஒரு ரூபாயும் எடுக்கக் கூடாது என்கிறது உறுப்பு 266. ஒப்புதலை மீறி எடுத்துவிட்டால் அதை முறைப்படுத்த மிகை மானியக் கோரிக்கை வைக்க வேண்டும் என்கிறது உறுப்பு 205. அந்தக் கோரிக்கைக்கு முன்பு மிகைச் செலவின் காரணங்களைப் பொதுக் கணக்குக் குழு ஆராய வேண்டும் என்பது நடைமுறை. குழு கூடவில்லை என்றாலோ, கூடியும் முடிக்கவில்லை என்றாலோ, மிகைச் செலவு ஆண்டுக்கணக்கில் முறைப்படுத்தப்படாமல் கிடக்கும். அதனால் எந்த அமைச்சரும் பதவி இழப்பதில்லை. எந்தச் செயலாளரின் ஊதியமும் நிற்பதில்லை. ஒதுக்கீட்டை மீறுவதற்குத் தண்டனையாக இருப்பதெல்லாம் எப்போதோ நடக்கப்போகும் ஒரு கூட்டம்தான். அந்தக் கூட்டம் எப்போது என்பதைத் தீர்மானிப்பதோ பெரும்பான்மை.

காலம் ஆட்சியாளர் கையில் இருப்பது அறிக்கை அவைக்கு வரும் முன்பே தொடங்கிவிடுகிறது. மாநிலக் கணக்குகள் பற்றிய தலைமைக் கணக்குத் தணிக்கையரின் அறிக்கை ஆளுநரிடம் தரப்படும், அவர் அதைச் சட்டமன்றத்தின் முன் வைக்கச் செய்வார் என்று உறுப்பு 151(2) சொல்கிறது. எத்தனை நாளுக்குள் என்று சொல்லவில்லை. இந்த ஒரு மௌனத்தின் விலையைத் தில்லி காட்டியது. ஆம் ஆத்மி ஆட்சியில் 14 தணிக்கை அறிக்கைகள் பேரவைக்கு வராமல் தேங்கின. பாஜக உறுப்பினர்கள் உயர் நீதிமன்றம் சென்றார்கள். 2025 ஜனவரியில் நீதிமன்றம் தாமதத்தைக் கண்டித்தது. ஆனால் சிறப்புக் கூட்டம் கூட்டுமாறு பேரவைத் தலைவருக்கு ஆணையிட மறுத்தது. அடுத்த மாதம் ஆட்சி மாறியது. வழக்குத் தொடுத்தவர்களில் ஒருவரான விஜேந்தர் குப்தா பேரவைத் தலைவரானார். பிப்ரவரி 25 அன்று மதுக் கொள்கை பற்றிய அறிக்கை அவையில் வந்தது. அரசுக்கு 2,000 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்றது. அறிக்கையின் உள்ளடக்கத்தைப் பற்றி எதுவும் சொல்லாமலே ஒன்றைச் சொல்லலாம்: தேர்தலுக்கு முன்பு வந்திருந்தால் வாக்காளருக்குப் பயன்பட்டிருக்கும், அப்போதைய அமைச்சர்கள் அவையிலேயே பதில் சொல்லியிருப்பார்கள். பிறகு வந்தபோது அது புதிய ஆட்சியின் கையில் பழைய ஆட்சிக்கெதிரான ஆயுதம். மறைத்தவர்களுக்கும் வெளியிட்டவர்களுக்கும் அவரவர் ஆதாயம் கிடைத்தது.

குழுத் தலைமைக்கு வருவோம். நாடாளுமன்றத்தில் 1967 முதல் எதிர்க்கட்சி உறுப்பினரே பொதுக் கணக்குக் குழுவின் தலைவர். முதலாமவர் மினு மசானி. 1921இல் மாண்டேகு-செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தோடு இக்குழு பிறந்தபோது நிதிப் பொறுப்பாளரே தலைமை தாங்கினார் என்பதை நினைத்தால் 1967 மாற்றத்தின் அளவு புரியும். ஆனால் இது மரபு மட்டுமே. மரபை உடைக்காமலே அதன் உள்ளீட்டைக் கழற்றிவிடலாம் என்பதை மேற்கு வங்கம் கற்றுத் தந்தது. 2021 மே மாதம் பாஜக சின்னத்தில் வென்ற முகுல் ராய் ஜூனில் திரிணமூல் காங்கிரசுக்குத் திரும்பினார். ஜூலையில் பொதுக் கணக்குக் குழுத் தலைவரானார். அவைப் பதிவேட்டின்படி அவர் இன்னும் எதிர்க்கட்சி உறுப்பினர்தானே! 2022இல் அவர் விலகியதும் அந்த இடத்துக்கு வந்த கிருஷ்ண கல்யாணியும் பாஜக சார்பில் வென்று ஆளுங்கட்சிக்குப் போனவர். ஒரு முறை நடந்தால் தந்திரம் என்று விடலாம், இரண்டாம் முறை அது கொள்கையாகிவிடுகிறது. தமிழ்நாட்டில் இவ்வளவு அப்பட்டமாக எதுவும் நடக்கவில்லை. என்றாலும் 2021இல் அமைந்த பேரவையில் முதன்மை எதிர்க்கட்சியாக அதிமுக இருக்க, குழுவுக்குத் தலைமை ஏற்றவர் ஆளும் கூட்டணியைச் சேர்ந்த காங்கிரசின் கு. செல்வப்பெருந்தகை. அவருடைய தனிப்பட்ட தகுதியை யாரும் ஐயுறத் தேவையில்லை. அரசைக் காக்கவும் அரசிடம் கேள்வி கேட்கவும் ஒரே கூட்டணிக்குக் கடமை இருக்கும்போது எது முந்தும் என்பதே கேள்வி.

கேரளம் முற்றிலும் வேறு வகை. அங்கே தாமதமோ தந்திரமோ இல்லை. நேர்மையான ஒரு கருத்துவேறுபாடு இருந்தது. கேரள உட்கட்டமைப்பு முதலீட்டு நிதி வாரியமான கிஃப்பி வாங்கும் கடன், நிதிநிலை அறிக்கைக்கு வெளியே மாநிலம் வாங்கும் கடனே என்றும், அது அரசமைப்புக்கு முரண் என்றும் தணிக்கையர் எழுதினார். 2021 ஜனவரியில் கேரளப் பேரவை தீர்மானம் போட்டு அறிக்கையின் அந்தப் பக்கங்களை நிராகரித்தது. மாநில அரசின் வாதத்தில் சாரம் இருந்தது என்றே கருதுகிறேன். மாநிலங்களின் கடன் வரம்பை நிர்ணயிக்க ஒன்றியத்துக்கு உறுப்பு 293 எவ்வளவு அதிகாரம் தருகிறது என்பது தீர்ந்த கேள்வி அல்ல. கேரளம் தொடுத்த வழக்கை உச்ச நீதிமன்றம் 2024இல் அரசமைப்பு அமர்வுக்கு அனுப்பியதே அதற்குச் சாட்சி. ஆயினும் எடுத்த வழி பிழை. தணிக்கையரை அழைத்து, நிதிச் செயலாளரை எதிரே உட்காரவைத்து, அந்தப் பக்கங்களைக் குழுவே சலித்திருக்க வேண்டும். தணிக்கையர் தவறு செய்திருந்தால் அதைக் காரணத்தோடு நிறுவும் குழு அறிக்கைக்கு, பெரும்பான்மைத் தீர்மானத்தைவிடப் பன்மடங்கு எடை இருந்திருக்கும். 1980லேயே துறைவாரிப் பொருட்குழுக்களை அமைத்து மானியக் கோரிக்கைகளை அவற்றின் ஆய்வுக்கு அனுப்பத் தொடங்கிய மாநிலம் அது. தமிழ்நாட்டில் இன்றளவும் அத்தகைய குழுக்கள் இல்லாமல் கோரிக்கைகள் நேரே அவைக்கு வருகின்றன. அப்படிப்பட்ட கேரளமே தன் குழுவை நம்பவில்லை.

இங்கே ஒரு மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். தீவன ஊழலை அம்பலப்படுத்தியது ஒரு மாவட்ட அலுவலரும் நீதிமன்றமும் மத்தியப் புலனாய்வு நிறுவனமும்தானே, பிறகு எதற்குச் சட்டமன்றக் குழுவைத் தூக்கிப் பிடிக்க வேண்டும் என்பார்கள். நீதிமன்றம் குற்றவாளியைத் தண்டிக்கும். அதற்கே 17 ஆண்டுகள் ஆயின. ஒதுக்கீட்டை மீறிக் கருவூலம் பணம் கொடுத்த நடைமுறையைத் திருத்துவது அதன் வேலை இல்லை. அதே பீகாரில் 2010இல் வேறொரு பிரச்சினை எழுந்தது. சுருக்கப் பட்டியலைக் காட்டி முன்பணம் எடுத்துவிட்டு விரிவான கணக்கைத் தராமல் விட்ட தொகை 11,000 கோடி ரூபாயைத் தாண்டியதாகத் தணிக்கை கூறியது. விவகாரம் மறுபடி உயர் நீதிமன்றத்துக்கே போனது. வழக்கு பாடம் புகட்டும் என்ற நம்பிக்கைக்கு இதுவே பதில். மேலும், தணிக்கையரை நியமிப்பது ஒன்றிய அரசின் ஆலோசனைப்படி. அறிக்கையை அவையில் வைக்கச் செய்பவர் ஒன்றியம் அனுப்பிய ஆளுநர். புலனாய்வு நிறுவனம் தில்லியின் கட்டுப்பாட்டில். மாநிலச் செலவை மாநிலத்துக்குள்ளேயே கேள்வி கேட்கும் அமைப்பு சட்டமன்றக் குழு ஒன்றுதான். கூட்டாட்சியில் அக்கறை உள்ளவர்கள் அதை வலுப்படுத்தத் தயங்குவது எனக்கு விளங்காத விஷயம். குழு சோரம்போகும் இடத்தில்தான் தில்லி நுழைகிறது.

வெளிநாட்டு எடுத்துக்காட்டு ஒன்று போதும். வட அயர்லாந்தில் மரத்துகள் வில்லைகளை எரித்து வெப்பமூட்டுவோருக்கு அரசு தந்த மானியம் எரிபொருளின் விலையைவிடக் கூடுதலாக இருந்தது. எரிக்க எரிக்க லாபம். 2016 ஜூலையில் தணிக்கை அறிக்கை வந்தது, பொதுக் கணக்குக் குழு அதிகாரிகளைப் பகிரங்கமாக விசாரித்தது, 2017 ஜனவரியில் ஆட்சியே கவிழ்ந்தது. மூன்றாண்டுகள் அரசு இன்றி அந்தப் பகுதி தவித்தது உண்மை. 2012இல் அத்திட்டத்தின் விதிகள் வேறொரு பேரவைக் குழுவின் பார்வைக்குப் போய்த் தடையின்றித் திரும்பியவை என்பதும் உண்மை. ஆகவே அது முன்மாதிரி இல்லை. கதவு திறந்திருந்ததால் விசாரணை எவருக்கும் திரையாகப் பயன்படவில்லை என்பது மட்டுமே நமக்குத் தேவையான செய்தி. நம் குழுக்களோ மூடிய அறையில் கூடுகின்றன.

இவற்றுக்கெல்லாம் அரசமைப்புத் திருத்தம் வேண்டும் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வது எளிது. ஆனால் உறுப்பு 208 தன் நடைமுறை விதிகளைத் தானே வகுக்கும் உரிமையை ஒவ்வொரு சட்டமன்றத்துக்கும் தந்திருக்கிறது. தணிக்கை அறிக்கை ஆளுநருக்குச் சென்றபின் கூடும் முதல் அமர்விலேயே அவையில் வைக்கப்பட வேண்டும். குழுத் தலைவரை எதிர்க்கட்சி வரிசையில் அமர்பவர்கள் மட்டுமே வாக்களித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். கட்சி மாறியவர் அந்த நாளிலேயே தலைமையை இழக்க வேண்டும். ஓராண்டுக்குள் ஆராயப்படாத தணிக்கைப் பத்திகளின் பட்டியலைப் பேரவைச் செயலகம் வெளியிட வேண்டும். சாட்சியம் பொதுவில் பதிவாக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, குழுவின் முன் இருக்கிறது என்பதைக் காரணம் காட்டி எந்த விசாரணையையும் நிறுத்தலாகாது என்று விதியிலேயே எழுத வேண்டும். இவற்றில் எதற்கும் தில்லியின் அனுமதி தேவையில்லை. மாநில உரிமையைப் பற்றி உரக்கப் பேசும் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் இந்த விதித் திருத்தத்தை முதலில் செய்ய முன்வர வேண்டும்.