மலேரியா ஒழிப்பும் பொருளியலார் கணக்கும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே வயலும் காடுமாய்க் கிடக்கும் படுவான்கரைக்கு மலேரியா புதிய பகையன்று. 1934-35இன் கொள்ளைநோய் இலங்கையில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் குடித்தது. அது மிகக் கடுமையாகத் தாக்கியது கேகாலை, குருணாகல் பகுதிகளையே. மட்டக்களப்பை உள்ளிட்ட உலர் வலயத்திலோ அந்நோய் ஆண்டுதோறும் குடியிருந்தது. 1946இல் டீ.டீ.ரீ. தெளிப்பு விரிவடைந்தது. ஆயிரம் பேருக்கு 20 ஆக இருந்த இறப்பு வீதம் அடுத்த ஆண்டிலேயே 14 ஆகத் தாழ்ந்தது.

இது முற்றிலும் மருந்தின் பயனா? அதே காலத்திற்றான் போர்க்கால உணவு நெருக்கடி தளர்ந்தது. மருத்துவ வசதியும் பெருகியது. மலேரியா அரிதான ஈர வலயத்திலும் இறப்புக் குறைந்தது. நோய் மிகுந்த மாவட்டங்களையும் குறைந்த மாவட்டங்களையும் ஒப்பிட்ட பீட்டர் நியூமன், 1965இல், பெரும்பங்கை மலேரியா ஒழிப்புக்கே அளித்தார். எஸ். ஏ. மீகம அதனை மறுத்தார். 1974இல் ஆர். எச். கிரே ஏறத்தாழ நாலில் ஒரு பங்கென்றே கணித்தார். தரவு ஒன்று, விடை மூன்று. பலவும் ஒருங்கே மாறும்போது ஒன்றன் விளைவைப் பிரித்தெடுப்பது அத்துணை அரிது.

1967இல் ரொபின் பார்லோ இன்னொரு படி சென்றார். நோய் ஒழிந்த இலங்கை, ஒழியாத இலங்கை என இரண்டைச் சமன்பாடுகளால் அமைத்து ஒப்பிட்டார். ஒழிப்பினால் தலைவருமானம் முதலில் உயர்ந்து, சனத்தொகை பெருகப் பெருகப் பின்னர் தாழும் என்பது அவர் முடிவு.

கணக்கிற் பிழையில்லை எனவே கொள்வோம். ஆனால் தலைவருமானம் என்பது வகுத்துப் பெறும் எண். பிழைத்த குழந்தை முதலில் வகுக்கும் எண்ணையே பெருக்குகிறது. அது உயிரோடிருப்பதன் மதிப்பு எங்கும் வரவு வைக்கப்படுவதில்லை. அக்குழந்தை பின்னர் கற்கும் கல்வியைக் காண நெடுங்காலம் பொறுக்க வேண்டும். மலேரியா ஒழிப்பு இலங்கைப் பெண்களின் கல்வியை உயர்த்தியதென ஏட்ரியன் லூக்காஸ் காட்டியது 2010இலேதான்.

சராசரி மறைப்பது வேறொன்றும் உண்டு. நுளம்பு அடங்கிய உலர் வலயத்தில் 1949இல் கல்லோயாத் திட்டம் எழுந்தது. 1961இல் அம்பாறை மாவட்டம் பிரியும்வரை அந்நிலம் மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதி. அங்கே வெளிமாவட்டச் சிங்களக் குடியானவர் பெருந்தொகையாகக் குடியேற்றப்பட்டனர். நிலம் யாருக்குக் கிடைத்தது, அயலிலிருந்த தமிழ், முஸ்லிம் உழவர் பெற்றதென்ன, இழந்ததென்ன என்ற வினாக்களுக்கு நாடு முழுவதற்குமான ஒற்றைச் சராசரி விடை கூறாது.

நோயும் ஏட்டுக் கணக்கிற்குக் கட்டுப்படவில்லை. 1963இல் 17 பேராகச் சுருங்கிய நோயாளர் தொகை, தெளிப்புத் தளர்ந்தபின் 1969இல் 5 இலட்சத்தைத் தாண்டியது. உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது 2016இலே.

கணக்கு வேண்டாமென்பது நம் வாதமன்று. எதை எண்ணினார்கள், எதை எண்ணாது விட்டார்கள், யாருடைய பயனைப் பயனென்றார்கள் என்று கேட்கவேண்டும். பொதுச் சுகாதாரத்துக்கு ஒதுக்கும் பணம் வீண்செலவென்று ஓர் எண்ணைக் காட்டிச் சொல்லும்போதெல்லாம் இக்கேள்விகளை எழுப்ப நம் மாணவர் பழகட்டும்.