விளித்துவிட்டு அகன்றவர்

வேற்றுமை எட்டு என்று வகுப்பறையில் கற்பிக்கிறோம். வேற்றுமை ஏழென மொழிவர் என்று தொடங்கும் தொல்காப்பியம், விளியையும் கூட்டி அதனை எட்டாக்குகிறது. சொல்லதிகாரத்தின் நான்காம் இயலை விளிமரபு என்று அதற்கே ஒதுக்கியும் வைக்கிறது. சேய்மையில் நிற்பவரை அழைக்கும்போது பெயரின் ஒலி தன் மாத்திரை அளவைக் கடந்து நீளும் என்பது அவ்வியல் தரும் செய்திகளுள் ஒன்று. தொலைவிலிருக்கும் செவியை எட்டுவதற்காகக் குரல் நீள்கிறது. அழைத்தவரோ அவர் திரும்பிப் பார்க்கும்வரை அங்கேயே நிற்கிறார். இணையத்தில் ஒருவரை 'டேக்' செய்வதும் விளிதானா என்னும் ஐயம் நமக்கு நெடுநாளாக உண்டு. அதிலும், நேரம் குறித்து முன்கூட்டியே எழுதி வைத்த பதிவில் ஒருவர் பெயரைக் கோத்துவிட்டு எழுதியவர் உறங்கப் போய்விட்டால், அங்கே அழைப்பது யார்?

இந்த அழைப்புக்குரிய @ குறி பிறந்தபோது அழைப்புக்கும் அதற்கும் தொடர்பேதும் இல்லை. 1536 மே மாதத்தில் பிரான்செஸ்கோ லாப்பி என்னும் புளோரன்ஸ் நகர வணிகர் செவில்லிலிருந்து ரோமாபுரிக்கு எழுதிய கடிதத்தில், மது நிறைத்த சாடியின் அளவைச் சுட்ட அக்குறி வருகிறது. ஸ்பானிய, போர்த்துக்கீசிய மொழிகளில் அதன் பெயர் 'அரோபா'. கால் பங்கு என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்த எடைப்பெயர் அது. பின்னர் ஆங்கிலக் கணக்கேடுகளில், இன்ன விலைக்கு இத்தனை என்று குறிக்கும் எளிய வேலைக்கு வந்து சேர்ந்தது.

1971இல் அமெரிக்கப் பொறியாளர் ரே டாம்லின்சன், ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு மடல் அனுப்ப முயன்றபோது, ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரிக்க ஒரு குறி வேண்டியிருந்தது. எவர் பெயரிலும் வராத குறி என்பதால் இதனைத் தேர்ந்தார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அக்காலத்து மல்டிக்ஸ் இயங்குதளத்தில் இதே குறியைத் தட்டினால் அதுவரை எழுதிய வரி முழுதும் அழிந்துபோகும். எப்படியாயினும், டாம்லின்சனின் கையில் அது இடத்தைக் காட்டிற்று. இன்னார் இன்ன இடத்தில் இருக்கிறார் என்ற ஏழாம் வேற்றுமைப் பொருளே அது.

ஏழாம் வேற்றுமை எட்டாம் வேற்றுமையானது ட்விட்டரில். அதைச் செய்தது அந்நிறுவனமன்று என்பது நோக்கத்தக்கது. 1988இல் பின்லாந்தில் தோன்றிய ஐ.ஆர்.சி. அரட்டை அரங்குகளில், பலர் நடுவே ஒருவரிடம் பேச விரும்புவோர் வரியின் தொடக்கத்தில் அவர் பெயரையும் ஒரு முக்காற்புள்ளியையும் இடுவது வழக்கம். 2006இல் ட்விட்டர் தொடங்கியபோது அதில் பதில் சொல்லும் வசதியே இல்லை. அவ்வாண்டு நவம்பர் 2ஆம் நாள், பயனர் ஒருவர் தம் உடன்பிறந்தானுக்கு மறுமொழி கூற, இக்குறியை இட்டு, ஓர் இடம் விட்டு, அவர் பெயரை எழுதினார். சில வாரங்களில் பிறரும் அவ்வாறு எழுதலாயினர். 2007இல்தான் நிறுவனம் அந்த வழக்கை ஏற்றுத் தன் நிரலில் சேர்த்துக்கொண்டது. வழக்கு முந்தி இலக்கணம் பிந்திற்று என்க.

ஆனால் இலக்கணம் எழுதியவர்கள் 2009 மார்ச்சில் ஒரு மாற்றம் செய்தார்கள். அதுவரை பதிவின் தொடக்கத்தில் வரும் பெயரே மறுமொழி எனக் கொள்ளப்பட்டது. இனிப் பதிவில் எங்கு வந்தாலும் அப்பெயருக்குரியவருக்குச் செய்தி போகும் என்றாயிற்று. 'பதில்' என்ற தலைப்பையும் 'குறிப்பிடுதல்' என்று மாற்றினர். சிறிய திருத்தம்போல் தோன்றும் இதனை இவ்வரலாற்றின் திருப்பமாகவே நாம் கருதுகிறோம். முன்னிலையில் நிற்பவரை அழைக்கப் பிறந்த குறி, படர்க்கையில் பேசப்படுபவரையும் தோளில் தட்டத் தொடங்கியது. தம்மைப் பற்றி யாரோ யாரிடமோ பேசுவதையும் அவர் கேட்டாக வேண்டும். அவ்வாண்டு செப்டம்பரில் முகநூலும் பதிவின் நடுவே பெயரைக் கோக்கும் வசதியைத் தந்தது. தமிழ் வலைப்பதிவர்கள் 'டேக்' என்பதற்குக் 'குறிச்சொல்' என்று பெயரிட்டனர். கட்டுரையின் பொருளை வகைப்படுத்த அது நல்ல சொல். ஆளைக் கோப்பதற்கு அது பொருந்தவில்லை. நல்ல சொல் இன்னும் வாய்க்கவுமில்லை.

நேரம் குறிக்கும் கருவிகளும் இதே காலத்தில் வந்தவை. ஹூட்சூட் 2008இல் தோன்றியது. 2010இல் வந்த பஃபர், பதிவுகளை வரிசையில் நிறுத்தி நாள் முழுதும் சொட்டவிடுவதற்கென்றே உருவானது. முகநூல் 2012 மே மாதத்தில் தன் பக்கங்களுக்கு இவ்வசதியைத் தந்தது. இக்கருவிகளை நாம் இகழவில்லை. அயல்நாட்டு வாசகர் விழித்திருக்கும் வேளையில் நள்ளிரவில் எழுந்து பதிவிட எவருக்கு இயலும்? வாழ்த்தும் நிகழ்ச்சி அறிவிப்பும் அவ்வாறு போவதில் பிழையில்லை.

பெயர் உடன்செல்லும்போதுதான் இடர். வரிசையில் காத்திருக்கும்வரை அப்பெயர் வெறும் எழுத்து. குறித்த நேரம் வந்ததும் அது அழைப்பாகிறது. இடைப்பட்ட நாட்களில் அவர் சினம் கொண்டு பிரிந்திருக்கலாம், நோயுற்றிருக்கலாம். நாம் அறிந்த ஓர் இலக்கிய வட்டத்தின் பக்கத்தில், கூட்டத்துக்கு வருகை தரவிருந்த மூத்த எழுத்தாளரைப் பெயர் கோத்து வரவேற்கும் பதிவு ஒரு காலையில் வெளியாயிற்று. அதற்கு முந்தின மாலையே அவர் அடக்கமாகிவிட்டார். அந்த அழைப்பு அவர் மகளின் கையிலிருந்த கைப்பேசியில் ஒலித்தது. அவர் பதிலுக்கு ஏதோ எழுதினார். அதைப் படிக்க அங்கு எவரும் இல்லை, பதிவை எழுதியவர் பேருந்தில் ஊருக்குப் போய்க்கொண்டிருந்தார். மறைந்தவர் கணக்கை நினைவுக் கணக்காக மாற்றும் முறையை முகநூல் 2009 அக்டோபரில் அறிவித்ததுதான். ஆயினும் உறவினர் விண்ணப்பித்து, அது ஏற்கப்படும்வரை கணக்கு உயிருள்ளவர் கணக்காகவே நிற்கும்.

இது தற்செயல். வேண்டுமென்றே செய்தவர்களும் இருந்தனர். அறியாதார் ஆயிரவரைப் பெயர் சொல்லி இழுக்கும் தானியங்கிக் கணக்குகள் பெருகின. அழைக்கப்படுபவர் விரும்பாத தானியங்கி அழைப்புகளை ட்விட்டரின் விதிகள் தடுத்தன. 2018 பிப்ரவரியில் மேலும் ஒரு படி சென்று, பல கணக்குகளிலிருந்து ஒரே செய்தியை வெளியிடுவதையும், அவ்வாறு வெளியிட நேரம் குறித்து வைப்பதையும் தடை செய்தது. கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் அவ்வாண்டு மார்ச்சில் வெடித்தபின் முகநூலும் பல கதவுகளை மூடிற்று. ஆகஸ்டு 1 முதல் வெளிக்கருவிகள் தனிமனிதரின் பெயரில் பதிவிட முடியாது என்றாயிற்று. அக்கருவிகள் வழியே ஒரு பக்கம் மற்றொரு பக்கத்தைக் கோக்கலாம். தனிமனிதரைக் கோக்க வழியில்லை. சந்தைப்படுத்துவோர் இதை ஒரு குறையாக எண்ணி இன்றும் புலம்புகின்றனர். நமக்கு அது குறையாகத் தோன்றவில்லை. நிறுவனத்தை எந்திரம் அழைக்கட்டும்; மனிதரை அழைக்க ஒரு மனிதர் வந்து உட்காரட்டுமே.

அழைக்கப்பட்டவருக்கு மறுக்கும் உரிமை மெல்லத்தான் வந்தது. 2011இல் தம் பெயர் கோக்கப்படுவதை ஏற்கவும் தள்ளவும் முகநூல் வழி செய்தது. உரையாடலிலிருந்து தம் பெயரைக் கழற்றிக்கொண்டு வெளியேறும் வசதியை ட்விட்டர் தந்தது 2022 ஜூலையில். பெயரிட்டு அழைக்கும் வழக்கம் அங்கே தோன்றிப் பதினாறாம் ஆண்டு அது.

பெயரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ட்விட்டரில் ஒருவர் தம் பயனர் பெயரை மாற்றிக்கொண்டால், பழைய பெயரை வேறொருவர் எடுத்துக்கொள்ளக்கூடும். வரிசையில் காத்திருக்கும் பதிவு அந்தப் பெயரைத்தான் அறியும். குறித்த வேளையில் புதியவர் கதவைத் தட்டும். பின்னால் வந்த புளூஸ்கை இதற்கு மாற்று கண்டது. அங்கே திரையில் தெரிவது பெயர். பதிவினுள் கோக்கப்படுவதோ பெயர் மாறினும் மாறாத ஓர் அடையாளக் குறியீடு. எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட சரம் அது, வாய்விட்டுக் கூப்பிட இயலாதது.