ஹாலிடே பிளாசா வட்டுகளும் பழைய துப்பாக்கி ஆட்டங்களின் மறுவரவும்

கணினித் திரையில் வியர்வைத் துளிகூட நிஜம்போலத் தெரியும் காலத்தில், கட்டம் கட்டமாக உடையும் அரக்கர்களையும் சாவி தேடி அலையவைக்கும் சுரங்கப் பாதைகளையும் வைத்துப் புதிதாக ஆட்டம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவற்றைக் காசு கொடுத்து வாங்குகிறவர்களும் நிறையவே இருக்கிறார்கள். 2018இல் வந்த டஸ்க், 2019இல் வந்த அயன் ஃபியூரி, 2023இல் வந்த போல்ட்கன் என்று இந்த வரிசை நீள்கிறது. பாதிக் கிண்டலாக 'பூமர் ஷூட்டர்' என்று இவற்றுக்குப் பெயரும் வைத்தாயிற்று. 1993இல் டூம், 1996இல் டியூக் நியூக்கம் 3டி, குவேக் என்று வளர்ந்த தலைமுறைக்கு நாற்பது வயதாகிவிட்டது, கையில் காசு வந்துவிட்டது, இளமையைத் திரும்ப வாங்குகிறார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பழைய நினைவு மட்டும் ஒரு தொழிலை உண்டாக்கும் என்றால், அது மலேசியாவின் ஜோகூர் பாருவிலும் ஒன்றை உண்டாக்கியிருக்க வேண்டும். அந்த ஆட்டங்களை ஆடி வளர்ந்தவர்களுக்கு அங்கே பஞ்சமில்லை. அப்படியிருந்தும், உலகம் பேசும் பூமர் ஷூட்டர் பட்டியலில், நான் அறிந்தவரை, ஜோகூரிலிருந்து ஒன்றுகூட இல்லை. ஏன் என்று பார்த்தால், ஒரே ஆட்டம் இரண்டு விதமாக நகலெடுக்கப்பட்ட கதை தெரிய வருகிறது.

தொண்ணூறுகளில் ஜோகூர் பாருவுக்குக் கணினி ஆட்டம் வந்து சேர்ந்தது பெரும்பாலும் கள்ள சிடியாகத்தான். தாமான் செஞ்சுரியில் உள்ள ஹாலிடே பிளாசா இதற்குப் பெயர்போன இடம். கடற்பாலத்தைத் தாண்டி வார இறுதியில் வரும் சிங்கப்பூர்க்காரர்களும் உள்ளூர்ப் பிள்ளைகளும் ஒரே கடையில் நின்று பிளாஸ்டிக் உறைகளைப் புரட்டினார்கள். இதை வெறும் திருட்டு என்று ஒதுக்குவது சுலபம், கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான் கடினம். 1998 செப்டம்பரில் ரிங்கிட்டை டாலருக்கு 3.80 என்று அரசு கட்டிவைத்தது. அமெரிக்காவில் 50 டாலர் விலை போட்ட ஆட்டம் இங்கே 190 ரிங்கிட். நடுத்தரக் குடும்பத்துப் பையனுக்கு அது எட்டாத தொகை. கள்ள சிடிக்கு அதில் ஒரு சின்னப் பங்குதான் ஆகும். கடைக்காரர் பெட்டியில் என்ன வைத்திருந்தாரோ அதுவே அந்த ஊரின் நூலகம்.

அரசு சும்மா இருக்கவில்லை. அமெரிக்காவின் நெருக்குதலும் இருந்தது. 2000இல் ஒளிவட்டுச் சட்டம் வந்தது. வட்டு அச்சடிக்க உரிமம் வேண்டும், எந்த ஆலையில் அச்சானது என்று காட்டும் குறியீடு ஒவ்வொரு வட்டிலும் இருக்க வேண்டும் என்றாயிற்று. ஏழு ஆண்டு கழித்து நடந்ததுதான் வேடிக்கை. ஹாலிவுட் படநிறுவனங்களின் சங்கம் லக்கி, ஃப்ளோ என்ற இரண்டு கறுப்பு லாப்ரடார் நாய்களை மலேசியாவுக்கு அனுப்பியது. வட்டு செய்யும் பிளாஸ்டிக்கின் வாசனையை மோப்பம் பிடிக்கப் பழக்கப்பட்டவை அவை. 2007 மார்ச்சில் ஜோகூர் பாருவில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் நடந்த சோதனையில் ஏறத்தாழ 10 லட்சம் வட்டுகள் சிக்கின. ஆத்திரமடைந்த கள்ள சிடி முதலாளிகள் நாய்களின் தலைக்கு விலை வைத்துவிட்டதாக அதிகாரிகளே சொல்ல, உலகப் பத்திரிகைகள் அதைக் கொண்டாடின. நாய்களுக்கு அசலும் நகலும் ஒரே வாசனைதான் என்பதைச் சிலரே கவனித்தார்கள். அந்த நேரத்து அரசுக் கொள்கைக்கும் ஏறக்குறைய அதே மூக்குதான் இருந்தது. நகல் என்றாலே குற்றம் என்ற ஒற்றைக் கணக்கில், நகலெடுக்கலாம் என்று செய்தவனே விட்டுக்கொடுத்த பொருளுக்குத் தனி இடம் கிடைக்கவில்லை.

டூம் அப்படி விட்டுக்கொடுக்கப்பட்ட பொருள். 1993 டிசம்பரில் ஐடி சாஃப்ட்வேர் அதன் முதல் பகுதியை, ஒன்பது கட்டங்களோடு, யாரும் யாருக்கும் படியெடுத்துக் கொடுக்கலாம் என்று சொல்லியே வெளியிட்டது. மீதிக்குத்தான் காசு. அதைவிட முக்கியம், ஆட்டத்தின் படங்கள், ஒலிகள், வரைபடங்கள் எல்லாவற்றையும் வாட் என்ற தனிக் கோப்பில் வைத்தது. ஆட்டத்தை ஓட்டும் இயந்திரம் வேறு, சரக்கு வேறு. ஐடி சாஃப்ட்வேரின் நிரலாளர் ஜான் கார்மாக் இதைத் தெரிந்தே செய்தார். டூமின் வரைபடம் உண்மையில் மேலிருந்து பார்க்கும் ஒரு வீட்டுப் பிளான்தான். கோடு போட்டு அறையைப் பிரித்து, ஒவ்வோர் அறைக்கும் தரை எவ்வளவு உயரம், கூரை எவ்வளவு உயரம் என்று இரண்டு எண் கொடுத்தால் போதும். ஓர் அறைக்கு மேல் இன்னோர் அறை கட்ட முடியாது. இந்தக் குறைதான் அதைப் பள்ளிப் பையனும் வரையக்கூடிய பொருளாக்கியது. 1994 தொடக்கத்திலேயே ரசிகர்கள் செய்த வரைபடக் கருவி கைக்குக் கை பரவிவிட்டது. 1997 டிசம்பரில் டூமின் மூல நிரலே வெளியானது. ஒலிக்கான பகுதி இன்னொருவருக்குச் சொந்தம் என்பதால் டாஸ் பதிப்பை விட்டுவிட்டு லினக்ஸ் பதிப்பைக் கொடுத்தார்கள். 1999 டிசம்பரில் குவேக் நிரலும் வந்தது. டியூக் நியூக்கமைத் தாங்கிய பில்ட் இயந்திரத்தை 2000இல் அதை எழுதிய கென் சில்வர்மன் திறந்துவிட்டார்.

இன்றைய ஆட்டங்களின் வம்சாவளியைத் தோண்டினால் இந்தத் திறந்த கதவுகள்தான் தட்டுப்படும். அயன் ஃபியூரி ஓடுவது அதே பில்ட் இயந்திரத்தில். அதைச் செய்தவர்களில் சிலர் அந்த இயந்திரத்தை ஆண்டுக்கணக்கில் செப்பனிட்டு உயிரோடு வைத்திருந்த ரசிகர்கள். 2024இல் பாதி முடிந்த நிலையிலேயே விற்பனைக்கு வந்து புகழ் பெற்ற செலாகோ, டூம் நிரலிலிருந்து கிளைத்த ஜிஸெட்டூமில் கட்டப்பட்டது. டஸ்க்கும் அல்ட்ராகில்லும் யூனிட்டி என்ற வேறோர் இயந்திரத்தில் செய்தவை, பழைய நிரலில் ஒரு வரிகூட அவற்றில் இல்லையே என்று ஒருவர் மறுக்கலாம். நியாயமான மறுப்புதான். ஆனால் கடத்தப்பட்டது நிரல் மட்டுமில்லை, கைப்பழக்கமும்தான். அமிட் ஈவில் அன்ரியல் இயந்திரத்தில் வந்தது. அதைச் செய்தவர்களோ அதற்கு முன் டூம் இயந்திரத்தின்மேல் ரைஸ் ஆஃப் தி டிரையாட் என்ற பழைய ஆட்டத்தைத் திரும்பக் கட்டிப் பழகியவர்கள். சாவியை எந்த மூலையில் வைத்தால் ஆடுகிறவன் சலிக்காமல் திரும்பி வருவான், எந்தக் கதவு திறக்கும்போது முதுகுக்குப் பின்னால் அரக்கனை நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் ஆடிக் கற்றுக்கொள்ளும் விஷயமில்லை. வரைந்து, அழித்து, மறுபடி வரைந்தால்தான் வரும்.

ஹாலிடே பிளாசா வட்டு இந்தப் பழக்கத்தைக் கொண்டுவரவில்லை. அது ஆட்டத்தை முடிந்துபோன பண்டமாகக் கொண்டுவந்தது, அதுவும் பல சமயம் கைகால் வெட்டி. ஒரே வட்டில் நாலைந்து ஆட்டங்களை அடைக்க, முதலில் வெட்டப்பட்டது காணொளியும் இசையும். குவேக்குக்கு நைன் இன்ச் நெய்ல்ஸின் டிரென்ட் ரெஸ்னர் அமைத்த இசை, வட்டில் சாதாரணப் பாட்டுத் தடங்களாகவே பதிவாகியிருந்தது. சிடி பிளேயரில் போட்டாலும் பாடும். தரவை மட்டும் உருவி எடுத்த நகலில் அது வராது. ஆணித் துப்பாக்கியின் தோட்டாப் பெட்டியில் அந்த இசைக்குழுவின் சின்னம் இருக்கும், ஆட்டமோ இசையில்லாமல் நடக்கும். இப்படி ஆடியவர்களுக்குக் குவேக் என்றால் துப்பாக்கிச் சத்தமும் உறுமலும் மட்டும்தான். இசையே வெட்டுப்படும் இடத்தில் வரைபடக் கருவிக்கும் விளக்கக் கோப்புக்கும் யார் இடம் ஒதுக்கப்போகிறார்கள்?

அடுத்து வந்த சைபர் கஃபே இந்தப் போக்கை இன்னும் இறுக்கியது என்பது என் எண்ணம். 1999இல் ஹாஃப்-லைஃபின் மேல் இரண்டு இளைஞர்கள் செய்த கவுண்டர்-ஸ்டிரைக் மலேசியச் சைபர் கஃபேக்களை நிரப்பியது. ஹாஃப்-லைஃபின் இயந்திரம் குவேக்கிலிருந்து வந்தது. ஆக ஜோகூர்ப் பையன்கள் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து ஆடியது குவேக்கின் பேரப்பிள்ளையைத்தான், அதுவும் ரசிகர்கள் கையால் செய்த ஒன்றை. ஆனால் அவர்கள் உட்கார்ந்த கணினி அவர்களுடையதில்லை. பல கடைகளில் டீப் ஃப்ரீஸ் போன்ற மென்பொருளைப் போட்டு வைத்திருப்பார்கள். வைரஸ் வந்தாலும் பிள்ளைகள் எதையாவது மாற்றினாலும், அணைத்துப் போட்டால் பழைய நிலைக்கே திரும்பிவிடும். கடைக்காரருக்கு நிம்மதி. ஒரு பையன் அங்கே உட்கார்ந்து பாதி வரைபடம் வரைந்தான் என்றால், அவன் எழுந்துபோன பிறகு அதுவும் போய்விடும். எதிரில் உட்கார்ந்தவனைத் தோற்கடிக்கும் திறமை மட்டுமே அந்த அறையிலிருந்து வெளியே எடுத்துப்போகக்கூடியதாக இருந்தது. அதில் மலேசியா சோடை போகவில்லை. 2013இல் டோட்டாவின் உலகப் போட்டியில் ஆரஞ்சு என்ற மலேசிய அணி மூன்றாம் இடம் பிடித்தது. டோட்டாவும் முதலில் ஒரு ரசிகர், வார்கிராஃப்ட் 3இன் வரைபடக் கருவியை வைத்துச் செய்த ஆட்டம்தான். செய்தவர்கள் வேறு நாட்டவர், ஆடிப் பேரெடுத்தவர்கள் இங்குள்ளவர்கள்.

இதெல்லாம் சுற்றி வளைத்துச் சொல்லும் வறுமைக் கதை, வீட்டில் கணினியும் நல்ல இணைப்பும் இருந்த நாட்டில் படைப்பாளிகள் வந்தார்கள், அவ்வளவுதான் என்று சொல்வோர் உண்டு. பாதி உண்மை. மீதிப் பாதியை பிரேசில் மறுக்கிறது. அங்கும் அசல் ஆட்டம் எட்டாத விலை, அங்கும் கள்ளச் சந்தை கொடிகட்டிப் பறந்தது. ஆனால் டூமை இரத்தக்களரியாக மாற்றி உலகமெங்கும் பரவிய புரூட்டல் டூமைச் செய்தவர் பிரேசில்காரர்தான். அவருக்குத் தேவைப்பட்டது திறந்த இயந்திரமும், அதைத் தன் வசதிக்கு நோண்டிப் பார்க்கும் நேரமும். ஆகவே கள்ள சிடிதான் ஜோகூரைக் கெடுத்தது என்று தீர்ப்பெழுத நான் தயாரில்லை. அந்த வட்டு இல்லையென்றால் ஆடியே இருக்கமாட்டார்கள். வட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்க வேண்டிய இன்னொரு இலவசப் பொருளான திறந்த நிரலை, பள்ளிக்கூடமோ அரசோ எடுத்துக் காட்டவில்லை என்பதுதான் என் குறை. குவேக் வந்த அதே 1996இல்தான் நாடு மல்டிமீடியா சூப்பர் காரிடார் என்ற தொழில்நுட்பத் திட்டத்தை அறிவித்துக் கோடிகளில் பேசிக்கொண்டிருந்தது.

இன்று வட்டுக்கு வேலையில்லை. ஸ்டீம் என்ற இணையக் கடையில் ரிங்கிட்டிலேயே விலை போட்டிருக்கிறார்கள், தள்ளுபடி வந்தால் ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசில் பழைய ஆட்டம் கிடைக்கும். 2021இல் மெருகேற்றி வெளியிட்ட குவேக்கில் ரெஸ்னரின் இசை முழுதாக இருக்கிறது. 2024 ஆகஸ்டில் வந்த டூம் பதிப்பில், ஊர்பேர் தெரியாதவர்கள் செய்த வரைபடங்களை ஆட்டத்துக்குள்ளிருந்தே இறக்கிக்கொள்ளலாம், தான் செய்ததையும் ஏற்றலாம். டூம் வாங்கக்கூட மனமில்லாதவருக்கு, ஐடி சாஃப்ட்வேரின் படமோ ஒலியோ கலக்காமல் தன்னார்வலர்கள் வரைந்து சேர்த்த ஃப்ரீடூம் சட்டப்படி இலவசம். எந்த நாய் மோப்பம் பிடித்தாலும் கவலைப்பட வேண்டியதில்லை.