பாலாவிக் கரையும் திருக்கேதீச்சரமும்

மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றும் சைவர்க்கு ஒருங்கே போற்றற்குரியன. இவை காலத்தால் மறைந்தும், திருப்பதிகத்தின் துணையால் மீள வெளிப்பட்ட தலங்களுள் ஒன்று, ஈழத்து மாதோட்டத்தின்கண் உள்ள திருக்கேதீச்சரம்.

மாதோட்டம் மன்னார்த் தீவுக்கு எதிரே, பெருநிலக் கரையில் அமைந்த பழந்துறை. பாலாவி என்னும் கழியின் கரையில் ஆலயம் விளங்கிற்று. 7ஆம் நூற்றாண்டினராகிய திருஞானசம்பந்த சுவாமிகளும், பின்வந்த சுந்தரமூர்த்தி சுவாமிகளும் இத்தலத்திற்குப் பதிகம் அருளினர். சுந்தரர் பதிகம் மரக்கலம் மலிந்த கடலையும் பாலாவிக் கரையையும் எடுத்துக் கூறுகின்றது. அஃது வெறும் புனைந்துரை அன்று. 1980 முதல் 1984 வரை நிகழ்ந்த அகழாய்விற் கிடைத்த சீன நாட்டு மட்கலங்களும் மேற்காசிய மட்கலங்களும் அதற்குச் சான்றாம். சோழர் காலத்தில் இந்நகர் இராசராசபுரம் எனப் பெயர் பெற்றது. தாழிகுமரன் என்பான் அங்கு இராசராசேச்சரம் எடுப்பித்ததைக் கல்வெட்டுக் கூறும்.

பின்னர் வாணிகம் வேறு துறைகளை நாடிற்று. கழி சுருங்கிக் குளம்போலாயிற்று. 16ஆம் நூற்றாண்டிற் போர்த்துக்கீசர் ஆலயத்தை இடித்தனர். அதன் கற்கள் மன்னார்க் கோட்டைக்குக் கொண்டு செல்லப்பட்டன என்பது வழிவழிச் செய்தி. எஞ்சிய மேட்டினைக் காடு மூடிற்று. மரக்கலமும் மாடமும் போயின. பதிகமோ அடியார் நாவினின்றும் நீங்கிற்றில்லை. மாதோட்டம், பாலாவி என்னும் பெயர்களே இருளிற் கைவிளக்காய் நின்று ஆலயம் இருந்த இடத்தைக் காட்டின.

1872இல் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் இத்தலத்தின் நிலையை எடுத்துரைத்துச் சைவ மக்களை எழுப்பினார். 1894இல் காடு திருத்தியவிடத்துப் பழைய சிவலிங்கம் வெளிப்பட்டது. 1903இல் கும்பாபிடேகம் நிகழ்ந்தது. 1948இல் திருப்பணிச் சபை தோன்றியது. அதன் முயற்சியால் விரிவுற்ற ஆலயத்திற்கு 1976இல் மீண்டும் கும்பாபிடேகம் நிகழ்ந்தது. 1990இற் போரினால் வழிபாடு தடைப்பட்டது. பின்னர்க் கருங்கற் றிருப்பணி நிறைவெய்தி, 2022இற் கும்பாபிடேகம் நடைபெற்றது. இன்றும் சிவராத்திரியன்று அடியார்கள் பாலாவி நீரைக் குடத்தில் முகந்து சென்று, மகாலிங்கப் பெருமானுக்குத் தம் கையாலேயே ஆட்டுகின்றனர்.

கல்லால் எடுத்த கோயிலைப் பகைவர் இடித்தல் கூடும். கடல்துறையைக் காலம் தூர்த்தல் கூடும். சொல்லால் எடுத்த கோயிலை இவ்விரண்டும் அணுகமாட்டா. ஆதலின், பதிகம் ஓதுதலும், அதனை இளஞ்சிறார்க்குப் பயிற்றுதலும் ஆலயத் திருப்பணிக்குச் சிறிதும் குறைந்தன அல்ல என்பதைச் சைவ நன்மக்கள் உளங்கொள்வாராக.

திருச்சிற்றம்பலம்