புதுச்சேரி கிராம அறிவு மையங்களும் கம்பியில்லாச் செய்திப் பரிமாற்றமும்

செல்பேசி பரவலாகாத 1998-ஆம் ஆண்டில், சென்னை எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி வட்டாரத்தில் கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. புதுச்சேரி நகருக்கு மேற்கேயுள்ள வில்லியனூர் இவற்றின் நடுவமாக அமைந்தது. ஏம்பலம், கீழூர், வீராம்பட்டினம், நல்லவாடு முதலிய ஊர்களின் மையங்கள் வெவ்வேறு காலங்களில் அதனுடன் இணைந்தன.

செய்தி சென்ற வழி

தொலைபேசி இணைப்பை மட்டும் நம்ப முடியாததால் இருவழி வானொலிக் கருவிகள் பயன்படுத்தப்பட்டன. மின்தடையைச் சமாளிக்கச் சூரிய மின்சக்தி உதவியது. கடல் அலையின் உயரம் பற்றிய முன்னறிவிப்பு அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து எடுக்கப்பட்டு, தமிழில் குரல்பதிவாகக் கடலோர ஊர்களுக்கு அனுப்பப்பட்டது. அங்கே அது ஒலிபெருக்கியில் ஒலித்தது. அதைக் கேட்டு, கடலுக்குப் போகலாமா என்று மீனவர்கள் முடிவெடுத்தனர்.

நடுவமும் நடுவமில்லா வலையும்

இவ்வமைப்பில் நடுவம் செயலிழந்தால் ஊர்களுக்குச் செய்தி வருவது நின்றுவிடும். 1971-இல் ஹவாயில் இயங்கத் தொடங்கிய அலோகாநெட்டும் நடுவ நிலையத்தைச் சார்ந்ததே. 1973-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தொடங்கிய பொட்டல வானொலி ஆய்வு, ஒரு கருவியின் செய்தியை மற்றொரு கருவி வாங்கி அடுத்ததற்குக் கடத்தும் முறையை வளர்த்தது. இன்றைய மொபைல் அட்-ஹாக் வலையமைப்பின் முன்னோடி இதுவே.

2003-இல் ஆவணமாக வெளியான ஏஓடிவி நெறிமுறையில், செய்தி அனுப்பும் கருவி முதலில் தன் அண்டைக் கருவிகளிடம் வழி கேட்கிறது. அவை அக்கேள்வியைப் பரப்புகின்றன. பதில் வந்த பாதையில் செய்தி செல்கிறது. இடையில் இணைப்பு அறுந்தால் வேறு வழி தேடப்படுகிறது.

2004 ஆழிப்பேரலை

2004 டிசம்பர் 26 அன்று நல்லவாட்டுக்கு எச்சரிக்கை வில்லியனூர் வழியாக வரவில்லை. சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் தெரிவித்தார். ஊரார் அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் அதை அறிவிக்க, ஏறத்தாழ 3,600 மக்கள் உயிர் தப்பினர்.

நல்லவாட்டில் இருந்தது அட்-ஹாக் வலையமைப்பு அன்று. ஆயினும், வழக்கமான பாதையில் வராத செய்தி, கிடைத்த வழியில் கைமாறி ஊரை அடைந்தது. அதன் கடைசிக் கட்டத்துக்கு உதவியது, அன்றாட அறிவிப்புகளுக்காக ஊரில் ஏற்கெனவே இருந்த ஒலிபெருக்கி. பேரிடர்த் தொடர்பைத் திட்டமிடும்போது, செய்தி எத்தனை வழிகளில் ஊருக்கு வரும் என்பதோடு, வந்தபின் வீடுதோறும் எப்படிச் சேரும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.