வாங்குவதற்கு ஒரு கையொப்பம்

2021ஆம் ஆண்டு. எங்கள் தெருவில் குடியிருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், மகன் வீட்டுக்குக் குடிபெயருமுன் தம் தேக்குமரப் புத்தக அலமாரியை விற்க எண்ணினார். பேரன் அதைப் படமெடுத்து, பழைய பொருள்களுக்கான இணையத்தளம் ஒன்றில் விளம்பரம் செய்தான். அரைமணி நேரத்தில் அழைப்பு வந்தது. பேசியவர் தம்மை இராணுவ அதிகாரி என்றார். சீருடைப் படமும் அடையாள அட்டையும் அனுப்பினார். பேரம் பேசாமல் 8,500 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டார். ‘சோதனைக்காக’ 5 ரூபாய் அனுப்பினார். அது வந்து சேர்ந்தது. பிறகு க்யூ.ஆர். கோடு ஒன்று வந்தது. “இதை ஸ்கேன் செய்து உங்கள் இரகசிய எண்ணைப் போடுங்கள், பணம் வந்துவிடும்” என்றார். ஆசிரியர் போட்டார், 8,500 ரூபாய் போயிற்று. “தவறு நேர்ந்துவிட்டது ஐயா, இரண்டையும் சேர்த்து 17,000 ரூபாயாக அனுப்புகிறேன்” என்று இன்னொரு கோடு வந்தது. அதுவும் போயிற்று.

மறுநாள் அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “தம்பி, பணம் வாங்கத்தானே எண்ணைப் போட்டேன்?”

வீட்டார் இதை அறியாமை என்றனர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. அந்தக் கேள்விக்குப் பின்னால் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுப் பழக்கம் ஒன்று நிற்கிறது.

முன்பின் அறியாத இருவர் தொலைவிலிருந்து வாணிகம் செய்யும்போது எழும் முதற்சிக்கல், யார் முதலில் கையைத் திறப்பது என்பதே. பணம் முன்னே சென்றால் வாங்குபவர் அஞ்சுவார். பொருள் முன்னே சென்றால் விற்பவர் அஞ்சுவார். இந்திய அஞ்சல் துறை 1877இல் இதற்கொரு விடை கண்டது. இதழ் வாசகர்கள் நன்கறிந்த வி.பி.பி. முறையே அது. தபால்காரர் பணத்தைப் பெற்றுக்கொண்டு பொருளைக் கொடுப்பார். பணம் விற்றவருக்குச் சென்று சேரும். நம்பிக்கை இல்லாத இரு கைகளுக்கிடையே மூன்றாவது கை ஒன்று வந்தது. பொட்டலத்தின் உள்ளே இருப்பது நூலா செங்கல்லா என்ற ஐயத்தை மட்டும் அது தீர்க்கவில்லை.

1880இல் அஞ்சல் துறையின் மணியார்டர் வந்தது. அதில் பணம் பெறுபவர் படிவத்தில் கையொப்பமிட வேண்டும். எழுதத் தெரியாதவர் கைநாட்டு வைக்க வேண்டும். அது யாருடைய பாதுகாப்புக்கு? பணத்தைச் சுமந்துவந்த நடுவருக்கு, அவர் அதைச் சேர்த்ததற்கான சான்று அது. சம்பளப் பட்டியலில் ரெவின்யூ ஸ்டாம்பின்மேல் இட்ட கையொப்பமும் அத்தகையதே. 1987இல் மும்பையில் இந்தியாவின் முதல் ஏ.டி.எம். திறக்கப்பட்டபின் கையொப்பத்தின் இடத்தில் எண் வந்தது; எண்ணை அழுத்தினால் பணம் கைக்கு வரும் என்று நாம் கற்றுக்கொண்டோம். நுணுகிப் பார்த்தால் அதுவும் நம் கணக்கிலிருந்து பணத்தை வெளியே விடும் ஆணைதான். ஆனால் கை கண்டது வரவையே.

2016இல் யு.பி.ஐ. வந்தபோது இவ்வழக்கம் ஓசையின்றித் தலைகீழானது. பணத்தைச் சுமந்துவர இங்கே ஆள் இல்லை. எனவே பெறுபவரின் சான்று எவருக்கும் தேவையில்லை. கொடுப்பவரின் ஒப்புதல் ஒன்றே போதும். இரகசிய எண் என்பது கொடுப்பவரின் கையொப்பம். இந்த மாற்றத்தை நம் பெரியவர்களுக்கு எவரும் உட்காரவைத்துச் சொல்லவில்லை. மோசடிக்காரர்கள் நமக்கு முன்பே அதைப் புரிந்துகொண்டனர். தபால்காரர் நின்ற இடம் வெறுமையாயிருந்தது. அங்கே தொலைபேசிக் குரல் ஒன்று வந்து நின்று, “இங்கே ஒப்பமிடுங்கள்” என்றது.

நிற்க. மூன்றாவது கை இணையத்திலும் இல்லாமற் போகவில்லை. 2003இல் சீனத்தின் தாவ்பாவ் தளத்தில் மாணவர் ஒருவர், ஜப்பானிலிருந்த விற்பனையாளரிடம் பழைய கேமரா ஒன்றை 750 யுவானுக்கு வாங்கினார். பணத்தைத் தளமே வைத்திருந்தது. பொருள் கைக்கு வந்தபிறகே விற்றவருக்கு அளித்தது. அலிபே என்னும் பெருநிறுவனத்தின் முதல் பரிவர்த்தனை அந்தப் பழைய கேமராதான். நம் நாட்டிலோ விளம்பரத்தை வெளியிடுவதோடு ஒதுங்கிக்கொள்ளும் தளங்கள் பல; பணம் கைமாறுவது வேறொரு செயலியில். அந்த இடைவெளியில்தான் களவு நிகழ்கிறது.

தனிமனிதர்களுக்கிடையே பணம் கேட்டு அனுப்பும் கோரிக்கை முறையை, யு.பி.ஐ.யை நடத்தும் என்.பி.சி.ஐ. 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தியது. நல்லது. எனினும் க்யூ.ஆர். கோடு இருக்கிறது, குரலும் இருக்கிறது. ஆகவே வீட்டுப் பெரியவர்களிடம் சொல்ல வேண்டியவை சில. பணம் பெற ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை, எண்ணும் போட வேண்டியதில்லை. பணம் வந்ததற்குச் சான்று எதிராளி அனுப்பும் படமோ குறுஞ்செய்தியோ அன்று. நம் வங்கிக் கணக்கின் இருப்பே. 5 ரூபாய் வந்தது 8,500 ரூபாய்க்குப் பிணை ஆகாது. ‘கூடுதலாக அனுப்பிவிட்டேன், மிச்சத்தைத் திருப்புங்கள்’ என்றால் முதலில் கணக்கைப் பார்க்க வேண்டும். வாங்குபவராயின், கண்ணால் காணாத பொருளுக்கு முன்பணம் கூடாது.

இவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. ஏமாந்தால் அந்த நிமிடமே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். பணம் கணக்குவிட்டுக் கணக்கு தாவி எடுக்கப்படுமுன் அதை முடக்க அப்போதுதான் வழியுண்டு. ஆசிரியர் ஓரிரவு முழுதும் எவரிடமும் சொல்லவில்லை. முப்பது ஆண்டு பிறருக்குக் கற்பித்தவர் தாம் ஏமாந்ததைச் சொல்ல நாணினார். பணம் மீளாமற் போனதற்கு அந்த இரவும் ஒரு காரணம். மோசடிக்காரனுக்கு நம் வெட்கத்தைப்போல் உதவும் கருவி வேறில்லை. வீட்டார் ‘அறியாமை’ என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் அடுத்தவரின் வாயை அடைக்கிறார்கள்.

பின்னர் அந்த அலமாரியை உள்ளூர் நூலார்வலர் ஒருவர் நேரில் வந்து, ரொக்கமாகப் பணம் கொடுத்து எடுத்துச் சென்றார். ஆசிரியர் நோட்டுகளை எண்ணி வைத்துவிட்டு, ஒரு தாளில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதி, தேதியிட்டு, கையொப்பமிட்டு அவரிடம் நீட்டினார். அவர் கேட்கவேயில்லை.